மூக்கர் கடையில் ஒரு நீலக் கேன்

“பலகை வெளிய, கேன் உள்ள.”

வதந்தி இவ்வளவுதான். நல்ல வதந்திகள் எல்லாமே சட்டைப்பையில் வைத்து எடுத்துப்போகிற அளவில்தான் இருக்கின்றன. இதை என்னிடம் கொடுத்தவர் தையல்காரர். என் இடுப்பை அளந்துகொண்டே, வாயில் இரண்டு குண்டூசிகளைக் கடித்தபடி சொன்னார். வாயில் குண்டூசி வைத்துக்கொண்டு பொய் சொல்வது சிரமம் என்பது என் நம்பிக்கை. அதனால் காது கொடுத்தேன். இடுப்பளவு அவர் சொன்னதைத்தான் நம்பவில்லை.

தையல் கடைக்கு நேர் எதிரே ஒரு சலவைக் கடை. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை, அதில் ‘இங்கே பிளீச் கிடையாது’ என்று மூன்றே சொற்கள். மற்ற கடைகள் தங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுதிவைக்கும். என்ன இல்லை என்று எழுதிவைத்துப் பிழைத்த கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கடைக்காரருக்குத் தெருவில் மூக்கர் என்று பெயர். மூக்கு பெரிதென்பதால் மட்டும் வந்த பெயர் அல்ல. துவைத்து, தேய்த்து, மடித்த துணியை வாடிக்கையாளர் கையில் கொடுப்பதற்கு முன்னால் அதை முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு நீண்ட மூச்சு இழுப்பார். பிறகு கண்ணைத் திறந்து, “ம்ம்… சுத்தம்!” என்பார். அந்த ‘ம்ம்’முக்காகவே நாலு தெரு தள்ளியிருந்து துணி கொண்டுவருகிறவர்கள் உண்டு.

“போன வாரம் மட்டும் ரெண்டு தடவை பார்த்துட்டேன் சார்” என்றார் தையல்காரர். “பையில மேல கீரைக்கட்டு. அடியில நீலக் கேன். பிளீச் கேன். பிளீச் இல்லாத கடைக்கு பிளீச் எதுக்கு? குடிக்கவா?”

“யார் கொண்டுபோனாங்க?”

“அந்த வீட்டு ஆளுங்கதான். யாரா இருந்தா என்ன, கேன் கேன்தானே! காலையில அந்தப் பக்கம் போய்ப் பாருங்க. நாத்தம் மூக்கைத் துளைக்குது.”

“வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“சேச்சே! நான் எதுக்கு அடுத்தவங்க பொழப்புல கைவைக்கிறேன்? காப்பகத்து டீச்சர்கிட்ட மட்டும் சொன்னேன்.”

அதாவது, யாரிடம் சொல்லக் கூடாதோ அவரிடம் மட்டும்.

அடுத்த தெருவில் இருக்கிறது குழந்தைகள் காப்பகம். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் விட்டு மாலையில் அழைத்துப்போகும் முப்பத்தைந்து குழந்தைகள். அவர்கள் தூங்கும் விரிப்பு, கழுத்தில் கட்டும் துணி, முகம் துடைக்கும் துண்டு எல்லாம் வாரம் இருமுறை மூட்டையாக மூக்கர் கடைக்கு வரும். கடையின் பாதி வேலை அந்த மூட்டைதான். அது அங்கே வருவதற்குக் காரணம் அந்தப் பலகை. காப்பகத்தில் ஒரு குழந்தைக்கு இழுப்பு. பிளீச் வாசனை பட்டால் அன்று முழுக்க மூச்சு விசிலடிக்கும். டீச்சர் ஊரெல்லாம் தேடி, பலகையைப் படித்து, மூக்கரின் ‘ம்ம்’மைக் கேட்டு, இங்கே கொடுக்க ஆரம்பித்தவர். இப்போது வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்து, நின்று, மோந்து பார்ப்பார். வாசனை வந்தால் அன்றோடு மூட்டை நிற்கும்.

தையல்காரர் சொன்னது செவ்வாய்க்கிழமை. நான் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெறுங்கையோடு உளவு பார்க்கப் போவது மரியாதை இல்லை.

கடை ஒரே அறை. முன்பக்கம் மேசை. அதன் பின்னால் வயிறு பெருத்த இரண்டு சலவை இயந்திரங்கள், தேய்ப்புப் பலகை, கூரையிலிருந்து தொங்கும் கம்பியில் வரிசையாகச் சட்டைகள். தரையின் நடுவே நீர் ஓட ஒரு சிறிய வாய்க்கால், மூலையில் இரும்புச் சல்லடை போட்ட சாக்கடை. பின்கதவைத் திறந்தால் ஒரு துளி முற்றம், அதற்கப்பால் வீடு. முற்றத்தில் வெயில் விழும் இடத்தில் மட்டும் கொடிகள். காலை பத்திலிருந்து இரண்டு வரைதான் வெயில் வரும். அந்த நான்கு மணி நேரத்துக்கும் துணிகள் பெயர் கொடுத்துக் காத்திருக்கின்றன.

உள்ளே காலடி வைத்ததும் மூக்கில் அடித்தது. சந்தேகமே இல்லை, பிளீச். நீச்சல் குளத்தில் விழுந்து எழுந்த மாதிரி.

“வாங்க சார்!” என்றார் மூக்கர். கையில் மடித்த மேசைவிரிப்பு. முகத்தருகே கொண்டுபோனார். கண் மூடியது. நெஞ்சு விரிந்தது. “ம்ம்… சுத்தம்!”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நடிப்பைப் பார்த்து அல்ல, வாடையால். இந்தப் புகைச்சலில் நின்றுகொண்டு முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ‘சுத்தம்’ என்று சொல்ல எவ்வளவு பெரிய கலைஞனாக இருக்க வேண்டும்! மனசுக்குள் என் பத்திரிகைக் கட்டுரையின் முதல் பத்தியை எழுதியேவிட்டேன். ரொம்பக் காரமான பத்தி.

சட்டையை விரித்துக் காட்டினேன். வெள்ளைச் சட்டை, ஆணியில் மாட்டியதில் தோள்பட்டையில் துருக்கறை.

அவர் கறையை விரலால் தடவினார். “வீட்டுல பிளீச் போட்டுப் பார்த்தீங்களா?”

“போட்டோம்.”

“அதான் சட்டமா உக்காந்திருக்கு. துருவுக்கு பிளீச் எதிரி இல்ல சார், சம்பந்தி. வா வான்னு கூப்பிட்டு நடுவீட்டுல உக்கார வெச்சுடும்.”

“அப்ப இதுக்கு என்னதான் வழி?”

“எலுமிச்சம்பழம், உப்பு, வெயில். பிழிஞ்சு, தூவி, காயப்போட்டு, அலசி, மறுபடி பிழியணும். மூணு நாள். பழமும் உப்பும் நான் பார்த்துக்குவேன். வெயிலுக்கு நான் பொறுப்பில்ல.”

எப்படியெல்லாம் வெளுக்கிறீர்கள் என்று வாயைக் கிளறினேன். கிளறத் தேவையே இருக்கவில்லை. கழுத்துப்பட்டை அழுக்குக்குச் சலவைச் சோடாவில் ஒரு இரவு ஊறல். வெள்ளைத் துணிக்கு ஆக்சிஜன் தூள். “அதை வெந்நீர்லதான் போடணும் சார், பச்சைத்தண்ணில போட்டா தூங்கிடும்.” ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணீர், அப்புறம் மருந்துக்கடையில் காயம் துடைக்கக் கொடுக்கும் பெராக்சைடு இரண்டு சொட்டு. கடைசி அலசலில் அரை டம்ளர் வினிகர். சோப்பு மிச்சமில்லாமல் போய்விடும், துண்டு மொடமொடக்காது.

“சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊத்தினா பொங்கிப் பொங்கி அழுக்கெல்லாம் போயிடும்னு சொல்றாங்களே?”

அவர் சிரித்தார். “பொங்கும் சார். கல்யாண வீட்டுச் சண்டை மாதிரி நல்லாப் பொங்கும். அடங்கினப்புறம் பார்த்தா வெறும் தண்ணி. ரெண்டும் நல்லவங்க. தனித்தனியா வேலை செய்யட்டும்.”

இவ்வளவு தெரிந்த மனிதர் ஏன் பொய்ப் பலகை வைக்க வேண்டும்? நேராகவே கேட்டேன். “கடைக்குள்ள ஏதோ வாசனை வர்ற மாதிரி இருக்கே?”

“என்ன வாசனை?” என்றார். அந்தப் பெரிய மூக்கை உயர்த்தி ஒருமுறை இழுத்தார். “ஒண்ணும் வரலியே. வாசனை எதுவும் வராம இருக்கிறதுதான் சார் சுத்தம்.”

உள்வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே போய் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டார்.

புதன் முழுக்க எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம். பொய்யர்களை எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. தொழில்முறை உறவு. கேள்வி கேட்டால் பொய்யர் என் முகத்தைப் பார்ப்பார். இவர் காற்றைப் பார்த்தார்.

வியாழன் காலை ஏழு மணிக்கு, சட்டை காய்ந்ததா என்று கேட்கிற சாக்கில் மறுபடி போனேன். குளிருக்காக ஜன்னலையும் பின்கதவையும் சாத்தியிருந்தார்கள். ஷட்டர் பாதி திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனேன். ஒரு இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. மூக்கர் அதன் பக்கத்தில் காப்பக மூட்டையைப் பிரித்து, சிறு சிறு துணிகளை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். வார்த்தைக்கு வார்த்தை இருமல்.

“பனி சார்… சளி பிடிச்சிருக்கு…”

மூலையில், சாக்கடைச் சல்லடையின் மேல் குனிந்து, துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார் அவருடைய மாமியார். மூன்று மாதத்துக்கு முன் மகள் வீட்டோடு வந்துவிட்டவர். பக்கத்தில் ஒரு வாளி. வாளிக்கு இந்தப் பக்கம் நீலக் கேன். அந்தப் பக்கம், மூடி திறந்த வினிகர் கேன். அவரும் இருமிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கை நிற்கவில்லை.

அது செவ்வாய்க்கிழமை வாடை அல்ல. தொண்டையில் யாரோ கையை விட்டுத் திருகுவது போல இருந்தது.

வீட்டுப் பக்கமிருந்து மூக்கரின் மனைவி ஓடிவந்தார். “அம்மா! வாளியில என்ன?”

“கொஞ்சம் என்னோடது, கொஞ்சம் மாப்பிள்ளையோடது” என்றார் மாமியார், இருமலுக்கு நடுவே. “சல்லடையில வெள்ளையாப் படிஞ்சிருக்கு, இது மட்டும் போட்டா போகல. அவரோடதையும் சேர்த்தா…”

“எல்லாரும் வெளிய! பேச்சை வெளிய வெச்சுக்கலாம், வாங்க!”

அம்மாவின் கையை ஒரு கையில், கணவரின் சட்டையை இன்னொரு கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். போகிற போக்கில் ஷட்டரைத் தோளால் முட்டி முழுசாக மேலே தூக்கினார். அவ்வளவு பலம் அந்த உடம்பில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நான் நானாகவே ஓடிவந்தேன். என்னை யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

பிளீச்சும் வினிகரும் தனித்தனியாக இருக்கும்வரை சுத்தம் செய்கிறவை. சேர்ந்தால் எழும்புவது குளோரின் வாயு. மூடிய அறையில் அது நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். இது வேறு யாரையும்விட மூக்கருக்கு நன்றாகத் தெரியும். நடைபாதையில் உட்கார்ந்து இருமி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அத்தை, மூச்சு விட முடியுதா?”

“முடியுது மாப்ள.”

“நெஞ்சு அடைக்குதா?”

“இல்ல. கண்ணுதான் எரியுது.”

“கையை கண்ணுல வெக்காதீங்க. தண்ணி ஊத்திக் கழுவுங்க.”

பிறகுதான் மனைவி பக்கம் திரும்பினார். “உள்ள பிளீச்சா?”

மனைவி தலையாட்டினார்.

“உனக்கு வாசனை வந்துச்சா?”

“வந்துச்சு.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வாரமா.” அவர் குரல் தணிந்தது. “அம்மாகிட்ட சொன்னா அம்மா அழுவாங்க. உங்ககிட்ட சொன்னா நீங்க கத்துவீங்க. ஜன்னல்கிட்டதான் சொன்னேன். அது மட்டும்தான் சொன்னதும் திறந்துகிச்சு.”

இதற்குள் தையல்காரர் தெருவைக் கடந்து வந்துவிட்டார். கழுத்தில் அளவுநாடா, வாயில் குண்டூசி. “நான் அப்பவே சொன்னேன்ல?” என்று ஆரம்பித்தவர், பாதியில் ஏதோ உறைத்தவர்போல நின்றார். “ஏன் மூக்கரே… தெருவுக்கே வந்த வாடை உங்களுக்கு வரலையா?”

உள்ளே இயந்திரம் மட்டும் யாருமில்லாத அறையில் துவைத்துக்கொண்டிருந்தது.

“வரல” என்றார் மூக்கர். “ஏழு வருஷமா எனக்கு எந்த வாசனையும் வரல.”

தையல்காரர் குண்டூசியை வாயிலிருந்து எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்.

மூக்கர் பதினெட்டு வருடம் ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை பார்த்தவர். விடுதிகளின் விரிப்புகள், மூட்டை மூட்டையாக. அவர் வேலை தொட்டிக்கு பிளீச் ஊற்றுவது. ஒருநாள், காற்றுப்போக்கி ஓடாத அறையில் ஒரு பீப்பாய் கவிழ்ந்தது. அவர் கதவைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆனது. மருத்துவமனையில் ஐந்து நாள். நுரையீரல் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. மூக்கு மட்டும் வரவில்லை. அதுகூட வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அடுப்பில் பால் தீய்ந்து, பாத்திரம் கருகி, வீடு முழுக்கப் புகைந்தபோது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மனைவி வந்து அடுப்பை அணைத்தார்.

அதற்கப்புறம்தான் இந்தக் கடை, இந்தப் பலகை. பிளீச்சோடு அவருக்குச் சொந்தக் கணக்கு உண்டு. ஆனால் மோந்து பார்க்கத் தெரியாத சலவைக்காரரிடம் யார் துணி கொடுப்பார்கள்? அதனால்தான் அந்த ‘ம்ம்’. துணி காய்ந்ததா என்பதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார். சோப்பு மிச்சமா என்பதை அலசிய தண்ணீரின் நுரை சொல்லும். வாசனையை மனைவி பின்வாசலில் முன்கூட்டியே பார்த்துவிடுவார். அதன்பிறகு மேசைக்கு வந்து அவர் மூச்சு இழுப்பது வெறும் மரியாதைக்கு. ஏழு வருடம் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த மூக்கின் அளவைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்!

செவ்வாய்க்கிழமை மனசுக்குள் எழுதிய காரமான பத்தியை நான் நடைபாதையிலேயே கிழித்துப் போட்டேன்.

மாமியார் ஈர முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

“முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில வார்டு கழுவினவ நான். பெரிய டாக்டர் உள்ள வந்தா முதல்ல மூச்சை இழுப்பாரு. பிளீச் வாசனை வந்தாதான் ‘சரி, கழுவியிருக்காங்க’ம்பாரு. வாசனை வரலேன்னா எனக்குத்தான் திட்டு. இங்க வந்து பார்த்தா கடைக்கு ஒரு வாசனையே இல்ல. வர்றவங்க என்ன நினைப்பாங்க? மாப்பிள்ளை கழுவுறதே இல்லேன்னுதானே! அவருக்குத்தான் வாசனை தெரியாது. அவர் சார்பா நான் பார்க்க வேணாமா? சும்மா உக்காந்து சாப்பிடுறோம், விடிகாலையில தரையாவது துடைச்சு வைப்போம்னு…”

“ஏன் அத்தை, எங்கிட்ட ஒரு வார்த்தை…”

“சொன்னா விட்டிருப்பீங்களா? சரி, உங்க மனசும் நோக வேணாம்னுதான் இன்னைக்கு உங்க வினிகரையும் சேர்த்தேன். பாதி எம் பேச்சு, பாதி உங்க பேச்சு. சமாதானமாப் போகட்டும்னு.”

மூக்கர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. “நல்ல சமாதானம் அத்தை. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நிரந்தர சமாதானம்.”

மாமியார் முகம் கோணி, அழுகை வரும்போலிருந்தது. மகள் அவர் தோளில் கை வைத்தார். “வார்டுல ரெண்டையும் சேர்க்கக் கூடாதுன்னு சொல்லித் தரலையாம்மா?”

“வார்டுல வினிகர் ஏது? அங்க இருந்தது ஒரே கேன்.”

தையல்காரர் தன் கடையிலிருந்து நின்று சுழலும் மின்விசிறியை நீளமான வயரோடு தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் வைத்து, காற்று உள்ளேயிருந்து தெருவுக்கு வரும்படி திருப்பிவிட்டார். அவர் செய்த பரிகாரம் அது. வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அதுதான் பெரிய விஷயம். மூக்கரையும் மாமியாரையும் மருத்துவரிடம் அழைத்துப்போய் வந்தார் மனைவி. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, பயமில்லை, இருமல் கூடினால் உடனே வரவேண்டும் என்று அனுப்பினார்களாம். திறந்த கதவுகளோடு கடை மதியம்வரை காலியாகக் கிடந்தது. அப்புறம் ஓயாமல் தண்ணீர் விட்டார்கள்.

சாயங்காலம் மனைவி ஒவ்வொரு மூலையாக நின்று மோந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

“போயிடுச்சு” என்றார் மனைவி. “நாளைக்கு டீச்சர் வந்தா எதுவும் வராது.”

“அப்ப வாயைத் திறக்காதீங்க மூக்கரே” என்றார் தையல்காரர், மௌனம் தாங்காமல். “வருவாங்க, மோந்து பார்ப்பாங்க, போவாங்க. நான் ஏதோ தப்பாப் பார்த்துட்டேன்னு சொல்லிக்கிறேன். கேன்ல மண்ணெண்ணெய்னு சொல்லிக்கிறேன்.”

மூக்கர் காப்பக மூட்டையிலிருந்து ஒரு முகத்துண்டை எடுத்தார். கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. ஓரத்தில் பச்சை நூலால் ஒரு வாத்து. காலையில் பிரித்துப் போட்டு, பிற்பகலில் ஒருமுறை துவைத்த அத்தனையையும் எடுத்து, இரண்டாவது முறையாக இயந்திரத்தில் போட்டார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்தார். ஒல்லியான மனுஷி, குழந்தைகளோடு பேசிப் பேசி, பெரியவர்களிடமும் மெதுவாக, திருத்தமாகப் பேசுகிறவர். வாசலில் நின்றார். மூச்சு இழுத்தார். உள்ளே வந்து இயந்திரத்தருகே இழுத்தார். சல்லடை அருகே குனிந்து இழுத்தார்.

“வாசனை எதுவும் இல்லையே” என்றார். “தையல்காரர் ஏதோ சொன்னார்.”

எதிர்க்கடை வாசலில் தையல்காரர் ஒரே துணியை நாலாவது முறையாக அளந்துகொண்டிருந்தார். மனைவி மூச்சை விட்டார். மேசை மேல் துணி மடிப்பு தயாராக இருந்தது. மூக்கர் அதை எடுத்தார். முகத்தருகே கொண்டுபோனார். எல்லோரும் அந்த ‘ம்ம்’முக்காகக் காத்திருந்தோம்.

அவர் துணியைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டார்.

“நேத்துவரைக்கும் இருந்துச்சு டீச்சர்.”

“எது?”

“பிளீச். ரெண்டு வாரமா இந்தத் தரையில. எனக்குத் தெரியாது. ஏன்னா எனக்கு மூக்கு வேலை செய்யாது.”

சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. ஆலை, பீப்பாய், வாளி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். மாமியார் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை. ‘எங்க வீட்டுல’ என்றார். உள்வாசலிலிருந்து குரல் வந்தது. “நான்தான் செஞ்சேன். வீட்டுல என்ன வீட்டுல!”

டீச்சர் அந்தத் துணி மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். “ரெண்டு வாரமா…” என்றார் மெதுவாக. “போன வாரம் ரெண்டு நாள் குழந்தைக்கு இழுப்பு இருந்தது. காத்து மாறுதுன்னு நினைச்சோம். இதனாலயான்னு எனக்குத் தெரியல.”

“எனக்கும் தெரியல டீச்சர். இல்லேன்னு என்னால சொல்ல முடியாது. அதான் சொல்லிட்டேன்.”

“சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“எனக்கும் அப்படித்தானே டீச்சர் ரெண்டு வாரம் தெரியாம இருந்துச்சு? அது நல்லா இல்ல.”

“இனிமே இங்க ஏதாவது நடந்தா நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“கண்டுபிடிக்க முடியாது” என்றார் மூக்கர். “யாராவது சொல்லணும்.”

டீச்சர் யோசித்தார். பிறகு, ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதுபோல விரல் மடக்கினார். இழுப்பு உள்ள குழந்தையின் துணியை ஒரு மாதத்துக்கு அவரே வீட்டில் துவைத்துக்கொள்வார். மற்றவை வரும். அந்த மாதம் நல்லபடியாகப் போனால் அதுவும் வரும். வயிறு சரியில்லாத குழந்தைகளின் துணி தனிப் பையில் வரும்.

“அதை நல்லாக் கொதிக்கிற சூட்டுல போடணும் டீச்சர், நான் தனியாப் போட்டுடுறேன்” என்றார் மூக்கர் அவசரமாக. “வினிகருக்கெல்லாம் அந்தக் கிருமி பயப்படாது. நானே சொல்றேன்.”

“இன்னொண்ணு. அந்த ‘ம்ம்’ வேண்டாம்.”

மூக்கருக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். மூட்டை பாதிக்கு மேல் தப்பித்த நேரத்திலும் முகம் ஒருகணம் வாடியது. தலையாட்டினார்.

நீலக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் ‘ணங்’கென்று வைத்தார் மாமியார். “இதை எடுத்துட்டுப் போயிடுங்க. இருந்தா எனக்குக் கை அரிக்கும்.” டீச்சர் சிரித்துவிட்டு, காப்பகக் கழிப்பறைக்கு ஆகும், பூட்டிவைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். “எனக்கு இங்க வேலை போச்சு” என்றார் மாமியார் பொதுவாக, கூரையைப் பார்த்து.

“யார் சொன்னா?” என்றார் மருமகன். “இந்தக் கடையில மூக்கு வேலை காலியா இருக்கு அத்தை.”

இப்போது அந்தப் பலகையில் இரண்டாவது வரி ஒன்று இருக்கிறது. மூக்கரே எழுதியது, எழுத்து கொஞ்சம் சரிந்திருக்கும்: ‘முதலாளிக்கு மூக்கு வேலை செய்யாது. வாசனை வந்தால் சொல்லவும்.’ கடையில் என்ன இல்லை என்று எழுதியது போதாதென்று, தன்னிடம் என்ன இல்லை என்பதையும் எழுதிவைத்துவிட்டார். வாடிக்கையாளர்கள் குறைவார்கள் என்று தையல்காரர் ஆருடம் சொன்னார். குறையவில்லை. ஆனால் எல்லோரும் உள்ளே வந்ததும் மூச்சை இழுத்து ஒரு கருத்துச் சொல்கிறார்கள். அந்தத் தொல்லைதான் தாங்கவில்லை. “நேத்து ஒருத்தர் வந்து அவர் செருப்பு வாசனையை எங்க கடை வாசனைன்னுட்டுப் போறாரு” என்கிறார் மூக்கர்.

மேசைக்குப் பின்னால் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு துணியையும் உண்மையாகவே மோந்து பார்க்கிறார். கண்ணை மூடுவதில்லை, ‘ம்ம்’ இல்லை. பிடிக்கவில்லையென்றால் பின்னாலிருக்கும் மருமகன் பக்கம் வீசுகிறார். “மாப்ள, இது ஈரம் போகல.” “மாப்ள, இதுல சோப்பு இருக்கு.” நாளைக்கு ஏழெட்டுத் துணி அப்படிப் பறக்கிறது. அந்த வார்டின் பெரிய டாக்டர் இப்போது அவர்தான். திட்டு வாங்குவது வேறு ஆள்.

என் சட்டை அவரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. எலுமிச்சையும் உப்பும் போட்டு இரண்டு நாள் வெயில் கண்டதில் கறை முக்கால்வாசி போய், தோளில் ஒரு நிழல்போல நிற்கிறது. போதும், கொடுங்கள் என்றேன். கொடுக்க மறுத்துவிட்டார்.

“மூணு நாள் வெயில்னு மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருக்காரு. ரெண்டுதான் ஆச்சு. இன்னும் ஒரு நாள் பாக்கி.”

“வெயிலுக்கு நான் பொறுப்பில்லன்னு அவரே சொல்லியிருக்காரேம்மா.”

“அவர் சொல்லுவாரு. நான் பொறுப்பு.”

அன்றிலிருந்து ஒன்பது நாளாக வானம் மூடிக் கிடக்கிறது. தினமும் காலை பத்து மணிக்கு அவர் முற்றத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறார். சட்டை கம்பியில் தொங்குகிறது. பாக்கி அப்படியே நிற்கிறது.